பொறுப்பு கைமாறும் நேரம்

பள்ளி வேன் ஓட்டுகிறவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் பிரேக் மாமா. சாலையில் ஒரு காகிதப்பை பறந்து வந்தாலும் பிரேக்கை அழுத்திவிடுவார். பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழுந்ததில்லை. நசுங்கியதெல்லாம் தண்ணீர் பாட்டில்கள்தான். குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். வண்டி நின்ற பிறகுதான் கதவு திறக்க வேண்டும். கதவு திறந்தால் பிள்ளையின் கை ஒரு பெரியவரின் கைக்குப் போக வேண்டும். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய அறியாமை.

அந்த வியாழக்கிழமை கடைசி ஸ்டாப்பில் சுண்டுவைக் கூப்பிட ஆள் வரவில்லை. சுண்டுவுக்கு வயது ஆறு. பையைத் தூக்கினால் பின்பக்கமாகச் சாய்கிற உருவம். தினமும் அவளுடைய சித்தி முன்கூட்டியே வந்து நிற்பாள். அன்று அந்த இடத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. பிரேக் மாமா கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறிப் பார்த்தார். வீட்டில் பூட்டு. எதிர்வீட்டிலும் பூட்டு. சித்தியின் ஃபோன் அணைந்திருந்தது. பள்ளிக்கூடத்து ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் நம்பர் அவரிடம் இருந்த தாளில் இல்லை.

"மாமா, நான் படிக்கட்டுல உக்காந்துக்கறேன். நீங்க போங்க" என்றாள் சுண்டு.

"நீ உக்காந்துடுவே. எனக்குத்தான் வீட்டுல போய் உக்கார முடியாது."

கீழே வந்ததும் வேனின் பின்புறக் கண்ணாடி அவர் கண்ணில் பட்டது. உள்ளூர்க் குழந்தைகள் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு மையம் சென்ற வருஷம் கொடுத்து ஒட்டச் சொன்ன ஸ்டிக்கர் அங்கே இருந்தது. 'குழந்தையின் பாதுகாப்பு நம் ஒவ்வொருவரின் பொறுப்பு. உடனே அழையுங்கள்.' அவர் உடனே அழைத்தார்.

மறுமுனையில் ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"குழந்தை இப்ப யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டத்தாங்க."

"அப்ப பொறுப்பான ஒருத்தர்கிட்ட இருக்கு. ஆபத்து எதுவும் இல்ல. இது புகார்ல வராதுங்க."

"நான் விட்டுட்டுப் போனா?"

"உங்க மேல புகார் வரும்."

இரண்டுக்கும் நடுவே ஏதாவது வழி இருக்கிறதா என்று அவர் கேட்டார். நேரில் வந்தால் படிவம் இருக்கிறது என்றாள் அவள்.

மையம் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம். வாசலில் 'பொறுப்புக்கூறல் நாள்' என்று பெரிய துணி கட்டியிருந்தார்கள். உள்ளே சுவர் முழுக்க ஒரு வரைபடம். காவல், சுகாதாரம், கல்வி, மையம் என்று நான்கு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் பக்கத்து வட்டத்துக்கு ஓர் அம்புக்குறி. மேலே 'பொறுப்பு யாரிடம்?' என்ற தலைப்பு. பிரேக் மாமா அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே மூன்று சுற்று சுற்றினார். எத்தனையோ ரவுண்டானாக்களைப் பார்த்தவர்தான். வெளியே போகிற சாலை இல்லாத ரவுண்டானாவை அன்றுதான் பார்த்தார்.

வரவேற்பு மேஜையில் இருந்த இளைஞன் சுண்டுவைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"சார், குழந்தைய உள்ள கூட்டிட்டு வரக் கூடாது. பாதுகாப்புக் கொள்கை, பிரிவு நாலு. பெத்தவங்க கையெழுத்து இல்லாம எந்தக் குழந்தையும் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது."

"அப்ப வாசல்ல நிக்கட்டுமா?"

"வாசல்ல தனியா நிக்க விடக் கூடாது. பிரிவு அஞ்சு."

"நானும் கூட நின்னுக்கறேன்."

"நீங்க உள்ள வந்தாத்தான் சார் படிவம் தர முடியும்."

கடைசியில் சுண்டுவை நிலைப்படியின் மேலேயே உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. அது தானாகத் திறந்து மூடுகிற கண்ணாடிக் கதவு. அதன் மின்கண் பெரியவர்களின் உயரத்துக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அதற்குக் கீழே இருப்பவர்களை அது கவனிக்காது. சுண்டு உட்கார்ந்த மாத்திரத்தில் கதவு மூட வந்தது. பிரேக் மாமா பாய்ந்து போய்க் காலைக் கொடுத்தார். அப்புறம் பதினான்கு பக்கப் படிவத்தையும் ஒரு கால் கதவிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றபடிதான் அவர் நிரப்பினார்.

"தாயாரின் தொழில்?" என்று படித்தான் இளைஞன்.

பிரேக் மாமா சுண்டுவைப் பார்த்தார்.

"அம்மா ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க. பெரியவங்களுக்கெல்லாம் டீ குடுப்பாங்க."

"எந்த ஆபீஸ் பாப்பா?"

"புள்ளைங்களப் பாத்துக்கற ஆபீஸ்."

இளைஞன் தலையை ஆட்டிவிட்டு 'பகல்நேரக் காப்பகம்' என்று எழுதினான்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் ஒருங்கிணைப்பாளர் அம்மா இறங்கி வந்தார். கையில் அன்று வெளியிடப்போகிற ஆண்டறிக்கை. நிலைப்படியில் உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"குழந்தை மேடம்" என்றான் இளைஞன்.

"நிஜக் குழந்தையா?" அவர் குனிந்து பார்த்தார். "ஒன்பது வருஷமா நடத்தறோம், ஒண்ணுகூட இப்படி நேர்ல வந்ததில்ல. மேல கூட்டம் நடக்குது. கூட்டிட்டு வாங்க, கூட்டிட்டு வாங்க."

"பிரிவு நாலு மேடம்."

ஒருங்கிணைப்பாளர் அம்மா யோசித்தார். குழந்தைகளைத்தான் உள்ளே விடக் கூடாது. பங்குதாரர்களை விடலாம். இரண்டு நிமிஷத்தில் சுண்டுவின் கழுத்தில் 'பங்குதாரர்' என்ற அட்டை தொங்கியது. பிரேக் மாமாவுக்குக் கிடைத்த அட்டையில் 'இதர' என்று எழுதியிருந்தது.

கூட்ட அறையின் வாசலில் ஒரு மரப்பெட்டி. குழந்தைகள் விவகாரம் ரகசியம் என்பதால் உள்ளே போகிறவர்கள், வருகிறவர்கள், வேலை செய்கிறவர்கள் எல்லோருடைய ஃபோனும் அதற்குள் போக வேண்டும். பிரேக் மாமா தன் ஃபோனைப் போடும்போது பெட்டிக்குள் ஏதோ ஒரு ஃபோன் சத்தமில்லாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. யாருக்கு அவசரமோ என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

நீள மேஜையைச் சுற்றி நான்கு பேர். சுகாதார அதிகாரி, காவல் அதிகாரி, கல்வி அதிகாரி. இந்த மூவரும் சமக் கூட்டாளிகள். சற்றுத் தள்ளி, யாரோடும் சேராமல், சுயேச்சை மதிப்பாய்வாளர். மூலையில் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

பிரேக் மாமா விஷயத்தைச் சொன்னார். "பிள்ளைய யாராவது பொறுப்பா வாங்கிக்கிட்டா நான் கிளம்பிடுவேங்க."

"யார்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டார் சுகாதார அதிகாரி.

"தலைவர் யாருங்களோ அவர்கிட்டங்க."

"தலைவர் பதவி நாலு மாசத்துக்கு ஒரு தடவை மாறும். என் காலம் இன்னிக்கு நாலு மணிக்கு முடிஞ்சுது. காவல் துறை சார் அஞ்சு மணிக்குக் கோப்ப வாங்கிக்கறார்."

பிரேக் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. "இந்த ஒரு மணி நேரத்துக்கு?"

"அது கைமாறும் நேரம்."

"அப்ப பொறுப்பு எங்கங்க இருக்கும்?"

"கோப்புல இருக்கும்" என்றார் சுகாதார அதிகாரி, ஒரு குழந்தைக்குச் சொல்கிற கனிவோடு.

கல்வி அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு பேச எழுந்தார். அவர் உட்கார்ந்தபடி பேசுவதில்லை. "டிரைவர் ஒண்ணு புரிஞ்சுக்கணும். முன்னெல்லாம் ஏதாவது தப்பு நடந்தா ஒருத்தர் தலைதான் உருளும். பாவம், அவர் தனியா மாட்டிக்குவார். இப்ப அப்படி இல்ல. மூணு பேருக்கும் சம பொறுப்பு. தப்பு நடந்தா மூணு பேரும் ஒரே நேரத்துல மத்த ரெண்டு பேரையும் பாக்கணும். அதுதான் வழிகாட்டி நெறி. போன வருஷம் பதினேழு தடவை பாத்திருக்கோம். ஒருத்தரும் தனியா மாட்டல."

"என் துறைக்கு வந்தா அது குற்றமா இருக்கணும்" என்றார் காவல் அதிகாரி. "இன்னும் குற்றம் எதுவும் நடக்கல. நடந்துடுச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டோம்."

"குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டார் சுகாதார அதிகாரி.

"பசி இருக்குங்க."

பசி எந்தத் துறை என்பதில் விவாதம் எழுந்தது. பள்ளி மணி அடிக்கும்வரை அது கல்வித் துறை. மயக்கம் போட்டு விழுந்தால் சுகாதாரத் துறை. திருடித் தின்றால் காவல் துறை. நடுவில் இருக்கிற வெறும் பசி கூட்டுப் பொறுப்பில் வரும் என்று பத்து நிமிஷத்தில் ஒருமனதாக முடிவு செய்தார்கள். மேஜையில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட் இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பது யார் என்று முடிவாகவில்லை. பிரேக் மாமா எட்டி நான்கை எடுத்துச் சுண்டுவின் கையில் வைத்தார். குறிப்பெழுதுகிறவர் அதையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க சார்?" பிரேக் மாமா மதிப்பாய்வாளரிடம் கேட்டார். அவர் முகத்தில்தான் கொஞ்சம் ஈரம் தெரிந்தது.

"நான் கேள்வி மட்டும்தான் கேப்பேன். இந்த வருஷம் இருநூத்துப் பன்னெண்டு கேட்டிருக்கேன்."

"பதில் வந்துச்சுங்களா?"

"அத நான் கேக்கக் கூடாது. சுயேச்சை போயிடும்."

ஒருங்கிணைப்பாளர் அம்மா பேச்சை நேர்வழிக்குத் திருப்பினார். குழந்தை இங்கே இருக்கிறது, துறைகள் இங்கே இருக்கின்றன, ஆக இல்லாதது யார்? தாய். எல்லோருக்கும் மூச்சு வந்தது. பொறுப்பு என்று ஒன்றை வைக்க இடம் கிடைத்துவிட்டது.

"பெத்து விட்டுட்டா போதுமா?" என்றார் கல்வி அதிகாரி.

"இந்த மாதிரி தாய்ங்களாலதான் நம்ம புள்ளிவிவரமே கெட்டுப் போகுது" என்றார் சுகாதார அதிகாரி.

தாய்க்கு நோட்டீஸ் அனுப்புவது என்று தீர்மானம் எழுதினார்கள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் குழந்தையின் பெயர் கண்காணிப்புப் பதிவேட்டில் ஏறும். மூன்று பேரும் கை தூக்கினார்கள். தூக்கிய கைகள் இறங்குவதற்குள் கதவு திறந்தது. டீத் தட்டோடு ஒரு பெண் வந்தாள்.

"அம்மா" என்றாள் சுண்டு, பிஸ்கட் வாயோடு.

தட்டு ஆடியது. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. அந்தப் பெண் தட்டை எப்படியோ மேஜையில் வைத்துவிட்டு ஓடி வந்து பிள்ளையின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

"நீ எப்படிடி இங்க வந்தே? யாரு கூட்டிட்டு வந்தது?"

"டீய வச்சுட்டுப் போங்கம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. "தீர்மானம் நடக்குது."

"மேடம், இது என் பொண்ணு."

காவல் அதிகாரி ஒரு கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காலைலயே எழுதிக் குடுத்தேனே மேடம்" என்றாள் அவள். "தங்கச்சிய ஆஸ்பத்திரில சேத்திருக்கு, மூணு மணிக்குப் போகணும்னு. பொறுப்புக்கூறல் நாள், கூட்டம் முடியற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாதுன்னீங்க. ஃபோனையும் பெட்டில போடச் சொன்னீங்க. பிள்ளைய ஸ்கூல்லயே வச்சுக்கச் சொல்லி டீச்சருக்குத் தகவல் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"அந்தத் தகவல் எங்கயும் போகாது" என்றார் கல்வி அதிகாரி ஆறுதலாக. "பாதுகாப்புப் பதிவேட்டுல எழுதி, பீரோவுல வச்சுப் பூட்டியிருப்பாங்க."

பிரேக் மாமா எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இனி யாராவது ஒருவர் நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். சுகாதார அதிகாரி ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் பக்கம் சாய்ந்து கேட்டார்: "தீர்மானம் நிறைவேறிடுச்சில்ல?"

"நிறைவேறிடுச்சு சார்."

"அப்ப கையிலயே குடுத்துடலாம். தபால்ல போனா தாமதமாகும்."

கொடுத்தார்கள். ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது: 'காணாமல் போன பெற்றோர் கண்டுபிடிக்கப்பட்டது: ஒன்று. எடுத்துக்கொண்ட நேரம்: நாற்பது நிமிடம்.' படம் எடுக்கவும் ஏற்பாடானது. குழந்தைகளைப் படம் எடுப்பது கொள்கைக்கு விரோதம். ஆகவே சுண்டு உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைச் சுற்றி நின்று எல்லோரும் சிரித்தார்கள்.

வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா நோட்டீஸை மடித்து மடித்து விரல் அளவுக்கு ஆக்கிவிட்டாள். சுண்டு அவள் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

"பேரு பதிவேட்டுல ஏறிட்டா மாசாமாசம் வீட்டுக்கு ஆள் வருவாங்கண்ணே. அப்புறம் எது நடந்தாலும் என்னைத்தான் கேப்பாங்க. பிள்ளைய எடுத்துக்கிட்டாலும் கேக்க ஆளில்ல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேலைய விடவும் முடியாது. என்னன்னு விளக்கம் எழுதறது?"

சாலையோரம் ஒரு சைக்கிள் நிறுத்தியிருந்தது, அதற்கும் பிரேக் மாமா பிரேக் போட்டார்.

"அங்க மூலைல ஒருத்தர் எழுதிக்கிட்டே இருந்தாரே, என்னம்மா எழுதறார்?"

"கூட்டக் குறிப்பு. எல்லாம் எழுதுவார். மறுநாள் வாசல் பலகைல ஒட்டுவாங்க. ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"டீ வந்தது எழுதுவாரா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதத்தாண்ணே மொதல்ல எழுதுவார்."

மறுநாள் பலகையில் இருந்ததை அவள் ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதினாள். ஏழாம் நாள் விளக்கம் கொடுத்தாள். அரைப் பக்கம்தான். 'மூன்று ஐந்துக்குத் தேநீர் வழங்கப்பட்டது. மூன்று ஐம்பதுக்குத் தேநீர் வழங்கப்பட்டது. நாலு முப்பத்தைந்துக்குத் தேநீர் வழங்கப்பட்டது. மூன்று முறையும் வழங்கியவள் நான். அந்த நேரத்தில் நான் யாருடைய பொறுப்பில் இருந்தேன் என்று தெரிவித்தால், என் மகள் யாருடைய பொறுப்பில் இருந்தாள் என்று நானும் தெரிவித்துவிடுகிறேன்.'

விசாரணைக்கு மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். சாட்சியாக வந்த பிரேக் மாமா இந்த முறை சுவரோரம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைவர் நாற்காலியில் காவல் அதிகாரி. அவர் விளக்கத்தைச் சத்தமாகப் படித்து முடித்தார். அதற்குள் மதிப்பாய்வாளர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"என் இருநூத்துப் பதிமூணாவது கேள்வி" என்றார். "இவங்களப் போகக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

நெறிப்படி மூன்று பேரும் மற்ற இருவரைப் பார்த்தார்கள்.

"நான் சொல்லல. கூட்டம் சொல்லுச்சு" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா.

"கூட்டத்தக் கூட்டினது?"

"தலைவர்."

"எந்தத் தலைவர்?"

"நாலு மணி வரைக்கும் அவர். அஞ்சு மணிக்கு மேல இவர்."

"நாலரைக்கு?"

அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மூல காரணம் அகப்பட்டது. ஊழியர் தாமதித்தது ஏன்? தேநீர் கொடுக்க. தேநீர் இல்லாவிட்டால்? தாமதித்திருக்க மாட்டார். ஆகவே தவறு தேநீருடையது. அந்த நிமிடத்திலிருந்து மையத்தின் எந்தக் கூட்டத்திலும் தேநீர் கிடையாது, அந்தப் பணியாளர் இனி மூன்று மணிவரை ஆவண அறையில் வேலை பார்ப்பார் என்று தீர்மானம் நிறைவேறியது.

"சரிம்மா, நீங்க போகலாம்" என்றார் காவல் அதிகாரி.

"நோட்டீஸ் சார்?"

காவல் அதிகாரி நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்து செய்வதென்றால் கையெழுத்துப் போட்டவர்தான் ரத்து செய்ய வேண்டும். அதில் முத்திரை இருந்தது. 'பொறுப்பு அதிகாரி' என்ற இடத்தில் வெறும் கோடு.

"யாரும் அனுப்பலியே இத" என்றார். "யாரும் அனுப்பாத நோட்டீஸ யாரும் ரத்து பண்ண வேண்டியதில்ல. விட்டுடுங்க."

"பதிவேட்டுல பேரு ஏறாதுன்னு எழுதிக் குடுங்க சார்."

"இத ஆராய ஒரு துணைக்குழு போடணும்மா."

அவள் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் முறையாக அந்த மேஜையில் உட்காருகிறாள் என்பது பிரேக் மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் ஏறி முடிகிறவரை வண்டியை நகர்த்தாமல் வைத்திருப்பாரே, அந்த உறுதியோடு அவரும் பக்கத்தில் போய் நின்றார்.

"போடுங்க சார். நான் இருக்கேன்" என்றாள் அவள். "டீ மட்டும் கேக்காதீங்க. தீர்மானம் ஆயிடுச்சு."

துணைக்குழுவுக்கு யார் தலைவர் என்று பேசத் தொடங்கினார்கள். பத்தாம் நிமிஷம் கல்வி அதிகாரிக்குத் தொண்டை கட்டியது. பதின்மூன்றாம் நிமிஷம் சுகாதார அதிகாரி நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டார். பதினேழாம் நிமிஷம் ஒருங்கிணைப்பாளர் அம்மா கதவை ஒரு தரம் பார்த்தார், எதற்கென்று தெரியாமல். இருபதாவது நிமிஷம் காவல் அதிகாரி பேனாவை எடுத்தார். 'இந்த நோட்டீஸ் ரத்து செய்யப்படுகிறது. குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறாது' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே தன் முழுப்பெயரை எழுதினார். ஒன்பது வருஷத்தில் அந்த மையத்தில் ஒருவர் தன் சொந்தப் பெயரில் போட்ட முதல் கையெழுத்து அது. போட்ட பிறகு தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா தாளை வாங்கிக்கொண்டு நேராக மேஜையில் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்து அவருக்கு ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். படியில் இறங்கும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

தேநீர் நின்ற பிறகு மையத்தில் எந்தக் கூட்டமும் இருபது நிமிஷத்தைத் தாண்டியதில்லை. இதனால் எதிர்பாராத ஒரு சிக்கல் ஏற்பட்டது. அதிகாரிகளுக்கு நாள் முழுக்க நேரம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கொள்கையில் எந்தப் பிரிவும் இல்லை. வேறு வழி தெரியாமல் சிலர் வெளியே கிளம்பிப் போய்க் குழந்தைகளைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் பள்ளிவிடும் நேரத்தில் வேனுக்குப் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார். மணி அடித்தது. பை, பாட்டில், கூச்சல், கிழிந்த ஷூ எல்லாமாகப் பிள்ளைகள் வந்து அவர் இரண்டு பக்கமும் முட்டி மோதி வண்டியில் ஏறினார்கள். அவர் அறிக்கைக் கோப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"இவ்ளோ பேரா இருக்காங்க?" என்றார் மெல்ல.

பிரேக் மாமா கதவை இழுத்துச் சாத்தி, பூட்டு விழுந்ததா என்று ஒரு தரம் அசைத்துப் பார்த்தார்.

"இது ஒரு வேன்தாங்க மேடம்."